எறா தொடாத கத்தி

மரக்காணம் வருவதற்கு முன்பே கிழக்குக் கடற்கரைச் சாலையின் இரு பக்கமும் வெளுத்துவிடுகிறது. பாத்தி பாத்தியாக உப்பளம். மார்ச் மாத வெயிலில் கண்ணை இடுக்கிக்கொண்டுதான் பார்க்க முடிந்தது. தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் உப்பு விளைகிற பெரிய இடம் இது. பொங்கல் கழிந்து வேலையைத் தொடங்கினால் மழை இறங்கும் வரை வாரிக்கொண்டே இருப்பார்கள். குவித்து மூடி வைத்த உப்பு மேடுகளைக் கடந்து கடல் பக்கம் திரும்பினால் எக்கியார்குப்பம்.

நான் கிளம்பியது புதுச்சேரிக்கு. அங்கே குடியேறிவிட்ட நண்பன் ஒருவன் சுஷி சாப்பிட அழைத்திருந்தான். ஒரகடத்தில் 2010இல் நிசான் தொழிற்சாலை வந்த காலத்திலிருந்து ஜப்பானியரோடு வேலை பார்த்தவன். வேலையை விட்ட பிறகும் அந்தப் பச்சை மீன் பைத்தியம் அவனை விடவில்லை. எனக்கு எறாவும் நண்டும் ஆகாது. கை கால் அரித்துவிட்டு அடங்கிப் போகிற விஷயம் இல்லை இது. உதடு வீங்கும், தொண்டை இறுகும், மூச்சு இழுக்கும். மீன் மட்டும் ஒன்றும் செய்யாது. இப்படி ஓர் உடம்பை வைத்துக்கொண்டு சுஷிக் கடைக்குப் போகலாமா என்று வீட்டில் கேட்டார்கள். போகலாம், ஆனால் விசாரித்துவிட்டுப் போகவேண்டும் என்பது என் கட்சி. விசாரணையை மீன் கரையேறும் இடத்திலிருந்தே தொடங்கலாம் என்றுதான் வண்டியை எக்கியார்குப்பம் பக்கம் திருப்பினேன்.

ஃபைபர் போட்டுகள் கரைக்கு வந்துவிட்டிருந்தன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வரும் 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான். கரையை ஒட்டி ஓடும் இந்தச் சின்னப் படகுகளை அது கட்டுப்படுத்தாது. மணலில் வலையைப் போட்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து மீன் கழித்துக்கொண்டிருந்தார்கள். காணாங்கத்தை, கவலை, நாலைந்து சங்கரா, கால் ஒடிந்த நண்டு, ஒரு கடம்பா, நடுநடுவே எறா. எல்லாம் ஒரே வலையில் ஒன்றன் மேல் ஒன்று புரண்டு வந்தவை. மீன் கூட்டத்தோடு எறா சேருவது சமையலறையில்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த வலையை ஒருமுறை பார்க்கவேண்டும்.

கூடை போட்டு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம் விலை கேட்கிற சாக்கில் பேச்சுக் கொடுத்தேன். எறா எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கரப்பான் ஒடம்பா?”

“அப்படித்தான்மா வச்சுக்கங்க. மூச்சும் அடைக்கும்.”

“அப்ப இந்தக் கூடயத் தொடாத தம்பி, எறா வச்ச கூட. அந்த நீலக் கூடைல வஞ்சரம் மட்டுந்தான் கெடக்கு. அதக்கூட நல்ல தண்ணில கழுவிட்டு எடுத்துக்கோ. கருவாடு வாங்குனாலும் பாத்து வாங்கு. நெத்திலியோட சென்னாக்குன்னி எறா கலந்து கெடக்கும், பொடிசு, கண்ணுக்கே தெரியாது.”

நகரத்து உணவகங்களில் எத்தனையோ பேரிடம் கேட்டும் எனக்குக் கிடைக்காத பதில் இது. எந்த மீன் நல்லது என்று அந்த அம்மா சொல்லவில்லை; எந்தக் கூடையில் முன்பு எது இருந்தது என்று சொன்னார். ஒவ்வாமை உள்ளவனுக்கு வேண்டியது அந்த இரண்டாவது தகவல்தான்.

கரப்பான் பண்டம் என்று நம் பாட்டிமார் ஒதுக்கி வைத்த பட்டியலில் எறா, நண்டு, கருவாடு, கத்திரிக்காய் எல்லாம் ஒன்றாக இருக்கும். தோல் தடித்தால் மொத்தத்தையும் நிறுத்திவிடுவார்கள். இன்றைய மருத்துவம் அந்தப் பட்டியலைப் பிரித்துவிட்டது. எறா, நண்டின் தசையில் ட்ரோபோமையோசின் என்ற புரதம் இருக்கிறது. பெரும்பாலோருக்கு வினையாவது அதுதான். கொதிக்க வைத்தாலும் எண்ணெயில் பொரித்தாலும் அது கெடாது. கரப்பான்பூச்சியிலும் வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய உண்ணியிலும் இதே வகைப் புரதம் உண்டு என்பதால், தூசி ஒவ்வாமைக்காரர்கள் சிலருக்கு எறாவும் தொல்லை தருகிறது. கடம்பா, சிப்பி வகைகளிலும் இதன் பங்காளி இருக்கிறது. எறா ஆகாதவர் அவற்றைச் சோதித்துப் பார்க்காமல் தின்பது சூதாட்டம். மீன் ஒவ்வாமை தனி. அதற்குக் காரணம் பார்வால்புமின் என்ற வேறொரு புரதம். அதனால்தான் வஞ்சிரம் எனக்குப் பகையில்லை. தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும் ரத்தப் பரிசோதனையும் செய்து டாக்டர் பிரித்துச் சொன்ன பிறகே நான் மீன் பக்கம் துணிந்தேன்.

அந்த அம்மா இருந்த இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, தார்ப்பாய் மேல் காணாங்கத்தைக் குவியல் ஒன்று வெயிலில் கிடந்தது. ஐஸ் வண்டி இன்னும் வரவில்லை என்றார்கள். நான் அங்கே அதிக நேரம் நின்றேன், ஏனென்றால் சுஷியைப் பற்றிப் பேசுகிறவர்கள் தவறவிடுகிற பாதிக் கதை அந்தக் குவியலில் இருக்கிறது.

காணாங்கத்தை, சூரை, கவலை போன்ற கருஞ்சதை மீன்களில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஏராளம். மீன் செத்த பின் சூட்டில் கிடந்தால், பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமின் ஆக்கிவிடுகின்றன. ஒவ்வாமை வரும்போது நம் உடம்பு தானே சுரக்கிற பொருளும் ஹிஸ்டமின்தான். ஆகவே அப்படிப்பட்ட மீனைத் தின்றவனுக்கு முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பெல்லாம் தடிப்பு எழும், வாந்தி வரும். பார்த்தால் அச்சு அசலாக ஒவ்வாமை. உண்மையில் அது கெட்ட மீனின் நஞ்சு. மீன் நாறவேண்டும் என்றுகூட இல்லை. வாயில் மிளகு கடித்ததுபோல் ஒரு சுரசுரப்பு தட்டலாம், தட்டாமலும் போகலாம். பிறகு ஐஸில் புதைத்தாலும், குழம்பில் கொதிக்க வைத்தாலும், உருவான ஹிஸ்டமின் போகாது. ஒரே மீனைத் தின்ற மேசையில் இரண்டு மூன்று பேருக்கு முகம் சிவந்தால் சந்தேகத்தை மீன் மேல் வையுங்கள். ஒருவருக்கு மட்டும், அதுவும் எப்போது தின்றாலும் வந்தால், உடம்பு மேல் வையுங்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒருநாள் கெட்ட சூரையைத் தின்றுவிட்டு வாழ்நாள் முழுக்க மீனையே விட்டவர்களை எனக்குத் தெரியும்.

சுஷியில் சூரை நிறையப் புழங்கும். காணாங்கத்தையின் உறவுக்கார மீனும் உண்டு. சமையல்காரர் எவ்வளவு சுத்தக்காரராக இருந்தாலும், மீன் படகிலும் மணலிலும் கிடந்த அந்த முதல் சில மணி நேரம் அவர் கையில் இல்லை. கடற்கரை ஊரில் சாப்பிட்டால் மீன் புதிதாக இருக்கும் என்று நம்புகிறோம். புதிது என்பது வேறு, குளிரில் வந்தது என்பது வேறு. ஐஸில் கவனமாக வந்த மூன்று நாள் சூரை, மதியம் வரை வெயிலில் கிடந்த இன்றைய சூரையைவிட மேல்.

இந்தக் கரையில் வழிப்போக்கனுக்கு மீன் கொடுப்பது பழைய வழக்கம். சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் என்ற சிற்றரசனைப் பார்க்கப் போகும் பாணர் கூட்டம் எயிற்பட்டினம் வழியாகப் போகிறது. அங்கே பரதவர் வீட்டில் அவர்களுக்குக் கிடைப்பது நுளையர் பெண் வடித்த கள்ளும், உலர்ந்த குழல் மீனைச் சுட்டதும். அந்த எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. உலர்த்திச் சுட்ட மீன் என்ற அந்த ஏற்பாட்டில் உப்பளக்கரையின் அறிவு இருக்கிறது. ஈரம் போனால் மீன் கெடாது. சுஷியின் முதல் வடிவமும் இதற்குப் பக்கத்து வீடுதான்: உப்பிட்ட மீனைச் சோற்றில் புதைத்து மாதக்கணக்கில் புளிக்க வைத்துத் தின்றார்கள். ஜப்பானில் பீவா ஏரிக்கரையில் இன்றும் அப்படிச் செய்கிறார்கள். பச்சை மீனைச் சோற்றின் மேல் வைத்து உடனே நீட்டும் வழக்கம் எடோ நகரத்தில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவியது.

கள் என்றதும் எக்கியார்குப்பத்தில் பேச்சு வேறு பக்கம் போய்விடும். 2023 மே மாதம் இந்த ஊர்க்காரர்கள் சாராயம் என்று வாங்கிக் குடித்ததில் மெத்தனால் இருந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மரக்காணம் அரசு மருத்துவமனை, முண்டியம்பாக்கம், ஜிப்மர் என்று ஓடினார்கள். ஆலைகளில் பயன்படும் அந்தத் திரவம் பார்வைக்குத் தண்ணீர், வாசனைக்குச் சாராயம். குடித்தவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வழியே இல்லை. விற்றவனிடம் கேட்டாலும் உண்மை வந்திருக்காது. நான் அதைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், நான் சென்னையிலிருந்து வருகிறேன் என்றதும், “பத்திரிகையா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். டீயை நீட்டச் சொன்னார்.

மரக்காணத்திலிருந்து தெற்கே போகையில் கழுவேலி வருகிறது. 2021இல் பறவைகள் சரணாலயம் ஆகி, 2024இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்த சதுப்பு நிலம். அதைத் தாண்டினால் சாலையோரம் மீன் வறுவல் கடைகள். என்னைப் போன்றவனுக்குச் சுஷிக் கடையைவிட இந்தக் கடைகள் ஆபத்தானவை என்று சொன்னால் சிரிப்பார்கள். பெரிய தோசைக்கல், நடுவில் எண்ணெய், ஒரு ஓரத்தில் வஞ்சிரம், மறு ஓரத்தில் எறா, இரண்டையும் புரட்ட ஒரே கரண்டி. மசாலா தோய்க்கும் தட்டும் ஒன்றே. பக்கத்தில் நின்றால் ஆவியிலேயே எனக்கு மூக்கு அடைக்கும். எறா, நண்டு பதப்படுத்தும் ஆலைகளில் ஆவியைச் சுவாசித்தே தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வருவதுண்டு. எறா கறுக்காமலிருக்கப் போடும் சல்ஃபைட்டும் ஆஸ்துமாக்காரர் சிலருக்கு ஆகாது. சுஷி மேசையில் கத்தி கண்ணெதிரே இருக்கிறது. தோசைக்கல்லின் வரலாறு யாருக்குத் தெரியும்?

சட்டம் இந்த இடத்தில் எவ்வளவு தூரம் துணைக்கு வரும் என்று பார்த்தேன். பொட்டலத்தில் வரும் உணவுக்கு ஒவ்வாமைப் பொருளைக் குறிப்பிட்டாக வேண்டும் என்கிறது நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி. குளூட்டன் உள்ள தானியம், எறா நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் கொட்டைகளும், சோயா, சல்ஃபைட் என எட்டு இனம். உணவகங்களில், மத்திய உரிமம் பெற்றவையும் பத்து அல்லது அதற்கு மேல் கிளை வைத்திருப்பவையும்தான் இந்தத் தகவலைத் தரக் கடமைப்பட்டவை. தனிக் கடை ஒன்றுக்கு இது பொருந்தாது. கடுகும் எள்ளும் கடம்பாவும் பட்டியலிலேயே இல்லை. ஐரோப்பாவில் 2014 டிசம்பரிலிருந்து 14 இனங்களை உணவகங்களும் சொல்லியாக வேண்டும். அதில் இந்த மூன்றும் அடக்கம். சுஷியின் தாய்நாட்டில் நிலைமை நமக்குப் பக்கம்தான். எறா, நண்டு, கோதுமை, முட்டை, பால், வேர்க்கடலை, பக்வீட் தானியம் என்றிருந்த கட்டாயப் பட்டியலில் 2023இல் வால்நட்டைச் சேர்த்தார்கள். அதுவும் பொட்டலத்துக்குத்தான், உணவகத்துக்குக் கட்டாயம் இல்லை. ஆகவே நம் வாய்தான் சட்டம்.

புதுச்சேரியில் கூட்டம் வருவதற்கு முன்பாக, கடை திறந்ததும் போய் உட்காருவது என்று நண்பனிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன். காலையில் பலகையும் கத்தியும் கழுவிக் காய்ந்திருக்கும், எண்ணெய் புதிதாக இருக்கும், பதில் சொல்ல ஆளுக்கு நேரமும் இருக்கும். முதல் நாளே தொலைபேசியில் பேசியாயிற்று. கையில் ஓர் அட்டையும் வைத்திருக்கிறேன்: எறா, நண்டு எனக்கு ஆகாது, அவற்றைத் தொட்ட கத்தி, பலகை, கையுறை, எண்ணெய் எதுவும் என் உணவில் படக்கூடாது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதியது. நம் ஊர்ச் சமையலறைகளில் வடகிழக்கிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள் நிறைய. தமிழ் மட்டும் எழுதிய அட்டை பரிமாறுபவரோடு நின்றுவிடும்.

பரிமாறும் பையன் அட்டையைப் பாதி படித்துவிட்டு, “நோ ப்ராப்ளம் சார், எல்லாம் ஃப்ரீஸ் பண்ண மீன்தான்” என்றான். எனக்குப் பயம் கொடுக்கும் வாக்கியம் இதுதான். பச்சை மீனை உறைய வைப்பது அனிசாகிஸ் போன்ற புழுக்களைக் கொல்ல. மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் வைக்கவேண்டும் என்று அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. குளிர் புழுவைக் கொல்லும். எறாவின் புரதத்தை ஒன்றும் செய்யாது. உள்ளே இருக்கிற மாஸ்டரைக் கொஞ்சம் கூப்பிட முடியுமா என்று கேட்டேன்.

வந்தவர் இளைஞர், மணிப்பூர்க்காரர். அட்டையை முழுக்கப் படித்தார். பிறகு அவரே ஒவ்வொன்றாகத் தள்ள ஆரம்பித்தார். டெம்புரா வேண்டாம் சார், எறா பொரித்த எண்ணெய். மேலே தூவும் பொரித்த மாவுத்தூளும் அதே எண்ணெயில் செய்தது. நண்டுக் குச்சி என்று கிடைப்பது பெரும்பாலும் மீன் மாவுதான், ஆனால் சில கம்பெனி நண்டுச் சாறு சேர்க்கிறது, முட்டை வெள்ளையும் கோதுமை மாவும் இருக்கும், அது வேண்டாம். ரோல் சுருட்டும் மூங்கில் பாயை எவ்வளவு கழுவினாலும் இடுக்கில் எறா நிற்கும், அதனால் ரோலே வேண்டாம். கலந்து அடுக்கிய தட்டு வேண்டவே வேண்டாம். இவ்வளவையும் அவர் சொல்லச் சொல்ல எனக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே வந்தது. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த சமையல்காரர் கையால்தான் சாப்பிடலாம்.

நண்பனின் மனைவிக்குக் கடுகு ஆகாது. அவர் தட்டுக்கு வசாபி வேண்டாம் என்றேன். பச்சைப் பசையில் கடுகு எங்கே வந்தது என்று நண்பன் வாதாடினான். மாஸ்டர் உள்ளே போய் டியூபைக் கொண்டுவந்து காட்டினார். விலை குறைந்த வசாபி பெரும்பாலும் குதிரைமுள்ளங்கியும் கடுகும் பச்சைச் சாயமும்தான். உண்மையான வசாபிக் கிழங்கு அரிது, விலையும் அதிகம். சோயா சாஸில் கோதுமை உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது. மீன் ஒவ்வாமைக்காரர் காய்கறி மட்டும் கேட்டுத் தப்பிக்க முடியாது. சூப்பிலும் முட்டை அடையிலும் போகும் தாஷி என்ற சாறு, காயவைத்த சூரைச் சீவலில் இறக்கியது. நம் மாசிக்கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.

நண்பன் பீர் சொன்னான். எனக்கு வேண்டாம் என்றேன். மது உள்ளே போனால் லேசாக முடியவேண்டிய ஒவ்வாமை முற்றிவிடக்கூடும்; ஓட்டப்பயிற்சியும் சில வலி மாத்திரைகளும்கூட அப்படியே. பையில் அட்ரினலின் ஆம்பூலும் ஊசியும் இருந்தன. வெளிநாட்டில் பேனாபோல் தொடையில் குத்திக்கொள்ளும் கருவி கிடைக்கிறது. நம் மருந்துக்கடைகளில் அது எளிதில் கிடைப்பதில்லை. ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் உள்ள ஆம்பூலிலிருந்து அரை மில்லி எடுத்து, தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட எனக்கு டாக்டர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இது பெரியவர்களுக்கான அளவு. குழந்தைகளுக்கு எடை பார்த்துக் கணக்கிட வேண்டும். செட்டிரிசின் மாத்திரை அரிப்பைத் தணிக்கும், அடைத்த தொண்டையைத் திறக்காது. ஊசி போட்டுச் சரியானாலும் சில மணி நேரம் கழித்து இரண்டாம் சுற்று வரலாம் என்பதால் மருத்துவமனைக்குப் போயே ஆகவேண்டும். புதுச்சேரியில் சாப்பிடச் சம்மதித்ததற்கு ஒரு காரணம், கோரிமேட்டில் ஜிப்மர் இருப்பது. ஆள் அரவமில்லாத கடற்கரை விடுதியில் என்றால் வந்திருக்க மாட்டேன்.

மாஸ்டர் புதுப் பலகை, வேறு கத்தி எடுத்தார். கையுறை மாற்றினார். சால்மன் நார்வேயிலிருந்து உறைந்து வந்தது என்றார்; சூரை எந்தப் பெட்டியில் எந்தக் குளிரில் வந்தது என்று கேட்டதற்கும் விலைச்சீட்டோடு பதில் வைத்திருந்தார். கடைசியாக ஒரு சந்தேகம் அவருக்கே வந்துவிட்டது. மீன் துண்டைச் சோற்றோடு கட்ட நோரி இலைப் பட்டை சுற்றலாமா? பொட்டலத்தை எடுத்து வந்து, பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த ஜப்பானிய வரியைக் கைப்பேசியில் காட்டிப் படித்தோம். இந்தக் கடற்பாசி எறாவும் நண்டும் வாழும் கடலில் எடுத்தது என்று போட்டிருந்தது. எக்கியார்குப்பத்து வலையைப் போலத்தான் அந்தக் கடலும்.

“பட்டை வேணாம் சார்,” என்றார் அவர். “சோறு, மீன் மட்டும். ஆனா கையாலதான் சாப்பிடணும், குச்சில எடுத்தா உதிரும்.”

கையால் சாப்பிடுவதில் எனக்கென்ன சிரமம்? சால்மன் நான்கு, சூரை நான்கு கொண்டுவரச் சொன்னேன். இரண்டு தின்றுவிட்டு, நண்பன் அவசரப்படுத்தியும் கேட்காமல், கடிகாரத்தைப் பார்த்தபடி கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். பிறகு மிச்சத்தையும் முடித்தேன்.